உள்ளங்கையில் இரண்டு வாடி

காக்கா,

இன்று காலை உங்கள் கம்ப்யூட்டரின் இடப்பக்க மூடியைக் கழற்றினேன். மாரி தொடங்க முன்னம் வருடத்துக்கு ஒரு தடவை செய்யச் சொன்னீர்களே, அதே வேலைதான். மூடி கழன்றதும் அந்த மணம் வந்தது. சூடேறி ஆறிய தூசியும், கடல் காற்று கொண்டுவந்து ஒட்டவைத்த உப்பும் கலந்த மணம். உங்கள் முன்னறையில் இத்தனை வருடம் நான் சுவாசித்தது அதைத்தான். கதிரையில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, திரும்பிச் சலாம் சொல்ல வாயெடுத்துவிட்டேன். கதிரையில் உங்கள் மகள் இருந்தாள்.

மெஷினுக்குச் சத்தம் தரும் சவுண்ட் காட்டைப் பிடுங்கி, அதன் பொன்னிறப் பற்களைப் பிள்ளைகள் பென்சில் அழிக்கும் இறப்பரால் தேய்த்தேன். உப்பு பச்சையாகப் பூத்திருந்தது. "மனிசன் பல்லுத் தேய்க்காட்டி வாய் நாறும். இது தேய்க்காட்டி வாயே திறக்காது" என்பீர்கள். தேய்த்துச் செருகி, ஆணிகளை இறுக்கி, மூடிவிட்டேன். வாய் திறந்தது.

இப்போது நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள். ஒரு பந்தி முடிந்ததும் மெஷின் தன் மூக்கடைத்த குரலில் அதை எனக்கு வாசிக்கிறது. கண் தெரியாத உங்களுக்கென்று வைத்த குரல், எழுத்துத் தெரியாத எனக்கும் ஆகும் என்று நாம் இருவரும் அந்த நாளில் நினைத்துப் பார்க்கவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியவே முப்பது வருடம் சென்றது. அந்தப் பிழை தபால் கந்தோரில் தொடங்கியது. நீங்கள் உள்ளே வேலையில் இருந்தீர்கள், நான் வெளியே மீன் பெட்டி கட்டிய சைக்கிளைச் சாத்திவிட்டு, மச்சினன் சவூதியிலிருந்து அனுப்பிய பார்சலுக்காக வந்து நின்றேன். கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். போட்டேன். என் பேரை ஒரு ஆள் பீடிக்கட்டுத் தாளில் எழுதித் தந்திருந்தார். கடற்கரை மணலில் ஈர்க்குக் குச்சியால் கீறிக் கீறிப் பழகியிருந்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "வடிவான கையெழுத்துத் தம்பி" என்றீர்கள். அந்த ஒரு சொல் என் வாயைக் கட்டிப்போட்டது. அதற்குப் பிறகு, இல்லை காக்கா, அது எழுத்தில்லை, படம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து நீங்கள் எனக்கு அண்ணன் முறையில் காக்கா, உங்கள் வீட்டுக்கு மீன் நான்தான். கண்ணில் பிரஷர் ஏறி உங்கள் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனதையும் வாசலில் நின்று நான்தான் பார்த்தேன். முதலில் பாரை மீனைக் கையில் எடுத்து முகத்துக்குக் கிட்டே பிடித்தீர்கள். பிறகு எடுப்பதையே விட்டு, செவுளுக்குள் விரலை விட்டுப் பார்த்தீர்கள். "கண் போனாலும் என்னை ஏமாத்த ஏலா, இது நேத்தைய மீன்" என்று ஒருநாள் சொன்னபோது மதினி உள்ளேயிருந்து சிரித்தா. அது நேற்றைய மீன்தான்.

பென்ஷன் எடுத்த பிறகு நீங்கள் ஊருக்கு மனு எழுதினீர்கள். அடையாள அட்டை தொலைத்தவன், பிறப்புப் பத்திரத்தில் வாப்பாவின் பேர் மாறிக் கிடப்பவள், விதவைப் பென்ஷன் நின்றுபோனவள், எல்லோரும் உங்கள் முன்னறைக்குத்தான் வந்தார்கள். கண் போனதும் வருவது நின்றது. ஒரு வருடம் சும்மா இருந்தீர்கள். பிறகு மட்டக்களப்பில் உங்களைப் போலக் கண் தெரியாத ஒருவரின் பழக்கம் போனில் கிடைத்தது. அவர் சொல்லித்தான் அந்தப் பேசும் கம்ப்யூட்டர் வந்தது. தட்டிய எழுத்தை அது வாயால் சொல்லும். பிழை விட்டால் அந்தப் பிழையையும் சொல்லும். மூன்று மாதத்தில் முன்னறையில் மறுபடி ஆள்கள் குந்தியிருந்தார்கள். மீன் விற்று முடிந்ததும் நானும் வந்து ஒரு மூலையில் குந்திவிடுவேன்.

அதற்குள் ஓடுவது மற்றவர்களின் மெஷினில் ஓடுவது இல்லை, லினக்ஸ் என்று ஒன்று என்றீர்கள். வித்தியாசம் என்ன என்று கேட்டேன்.

"இது பள்ளிவாசல் கிணறு தம்பி. வாளியும் கயிறும் அங்கயே கிடக்கும். ஆரும் அள்ளலாம், ஆரும் உள்ள எட்டிப் பாக்கலாம். ஆனா வாளி உடைஞ்சா கடைக்காரன் வரமாட்டான். பொருத்தமான வாளியை நாமதான் தேடிக் கட்டணும்."

வாளி ஒரு சித்திரை மழையில் உடைந்தது. தென்னைக்கு மேல் விழுந்த இடி கரண்ட் கம்பி வழியாக வந்தது. மெஷின் சாகவில்லை. உள்ளே காற்றாடி சுற்றியது, திரையில் வெளிச்சம் இருந்தது. சத்தம் மட்டும் போய்விட்டது. கண் உள்ளவனுக்கு அது சின்னக் குறை. உங்களுக்கு அந்த மெஷினே அந்தச் சத்தம்தான்.

வெளியில் குத்திச் சத்தம் எடுக்கும் பெருவிரல் அளவான ஒன்றை முதலில் வாங்கிப் பார்த்தீர்கள். பேசியது. ஆனால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தூங்கிவிடும். எழுப்பினால் சொல்லின் தலையை விழுங்கிவிட்டு வாலை மட்டும் சொல்லும். கல்முனையை முனை என்றது. மனுவில் ஒரு ஆளின் பேரில் தலை போனால் அந்த ஆளே இல்லாமல் போய்விடும் என்று கழற்றி வைத்துவிட்டீர்கள்.

அந்தக் கிழமைகளில் உங்களைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. பத்திரங்களோடு வந்தவர்களை மதினி வாசல் படலையிலேயே திருப்பி அனுப்பினா. தலை சீவாமல், ரேடியோ போடாமல், விசைப்பலகையின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள். கட்டாரிலிருந்து மகன் போன் எடுத்தார். போதும் வாப்பா, உழைத்தது காணும், அந்த அறையை ஒதுக்கி ஒரு கட்டில் போடுவோம், ஆறுதலாகக் கிடங்கோ என்றார். பாசத்தில்தான் சொன்னார். நோன்பு வர முன்னம் சரிவராவிட்டால் உன் விருப்பப்படி செய் மகன் என்று நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"கட்டில் போட்டா மறுகா நான் எழும்பமாட்டன் தம்பி."

மட்டக்களப்பாரிடம் கேட்டீர்கள். உள்ளே செருகும் சவுண்ட் காட் ஒன்று தேடுங்கள், ஆனால் பெட்டியில் உள்ள பேரை நம்பவேண்டாம் என்றார் அவர். ஒரே பெட்டி, ஒரே படம், உள்ளே வேறு வேறு சிப் இருக்கும். லினக்ஸுக்கு அந்தச் சிப்பைத் தெரியுமா என்பதுதான் கதை. காட்டின் நடுவில் ஒரு கறுப்புச் சதுரம் இருக்கும், அதன் தலையில் இந்த மூன்று இங்கிலீஷ் எழுத்து இருந்தால் எடுங்கள், பின்னால் வரும் எண் எதுவானாலும் பரவாயில்லை. "உடுத்த சாரனைப் பாத்து மாப்பிள்ளை எடுக்காதே எண்டு சொல்றார்" என்று எனக்கு விளங்கப்படுத்தினீர்கள். மூன்று எழுத்தையும் வாயால் சொல்லி, கல்முனைக்குப் போய் வாங்கிவரச் சொன்னீர்கள்.

என் காதில் விழுந்தது போகாது, உங்களுக்குத் தெரியும். எந்தப் பெருநாளில் எந்த வீட்டுக்கு எத்தனை மீன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். அந்த மூன்று சத்தத்தையும் பஸ்ஸில் இருந்து இறங்கும் வரைக்கும் ஓதிக்கொண்டே போனேன். ஆனால் எந்தச் சத்தத்துக்கு எந்த முகம் என்று எனக்குத் தெரியாதே.

கடைக்காரப் பொடியனிடம் மூன்றையும் சொன்னேன். அவன் ஒரு பெட்டியை எடுத்து வைத்து, இது எல்லாத்திலும் வேலை செய்யும் மாமா என்றான். காட்டை வெளியே எடுத்தேன். கறுப்புச் சதுரம் இருந்தது, அதில் வெள்ளையாக எழுத்தும் இருந்தது. எனக்குப் பின்னால் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றார்கள். படித்த மனிதனைப் போலக் கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, நல்ல நேரம் பார்த்தேன். அதுதான் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "எழுத்தைப் பாத்தியா?"

"ஓம் காக்கா, பாத்தன்."

பார்த்தது பொய்யில்லை. வாசித்ததாக உங்களை நினைக்க விட்டதுதான் பொய்.

மூடியைக் கழற்றி, பொந்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து, நீங்களே செருகினீர்கள். ஆணிகளை நான் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மட்டக்களப்பார் போனில், வேறு சிப்பாக இருக்கும், எழுத்தை யாரும் சரியாகப் பார்த்தார்களா என்று கேட்டார். போன் சத்தமாகப் பேசும் வகை, எனக்கும் கேட்டது. நீங்கள் கோபப்பட்டீர்கள். எங்கட தம்பி கண்ணால் பார்த்து எடுத்தது, அதில் பிழை வராது என்றீர்கள். போனை வைத்த பிறகு இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்து, அவற்றைப் பார்ப்பது போலக் குனிந்தீர்கள்.

"நான்தான் பிழையாச் செருகுறன் போல. என்ட விரலுக்கும் கண் போயிட்டு."

காக்கா, நீங்கள் என்னை ஏசியிருந்தால் நான் அந்தப் பொய்யைக் கபுறு வரைக்கும் கொண்டு போயிருப்பேன். உங்கள் விரலைக் குறை சொன்னீர்கள். அதற்குமேல் என்னால் குந்தியிருக்க முடியவில்லை.

"உங்கட விரல்ல பிழையில்ல காக்கா. எனக்கு எழுத்துத் தெரியா."

"அப்ப அந்தக் கையெழுத்து?" என்று கேட்டீர்கள். மணலில் கீறிப் பழகியது என்றேன். நீங்கள் சிரிப்பீர்கள், அல்லது வெளியே போ என்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் வலக்கையை என் பக்கமாக நீட்டி விரித்தீர்கள்.

"அப்ப இதையும் கீறு."

காட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதில் இருந்ததை என் சுட்டுவிரலால் உங்கள் உள்ளங்கையில் கீறினேன். ஒரு கோடு, ஒரு வளைவு, ஒரு கொக்கி. உங்கள் உதடு அசைந்தது. இரண்டாவது எழுத்திலேயே தலையை ஆட்டினீர்கள். இது வேற ஆள் என்றீர்கள். பிறகு என் கையைப் பிடித்து, தேட வேண்டிய ஆளை அதில் கீறிக் காட்டினீர்கள். முதலில் பிறை. கடைசியில் வெறும் கம்பு. நடுவில் உள்ளதற்கு என்ன பேர் சொல்வது என்று நான்தான் யோசித்தேன். இரண்டு பக்கமும் கால் நட்டு, கூரை நடுவில் பள்ளமாக இறங்கிய ஒன்று. கடற்கரையில் வலை வைக்கும் பழைய ஓலைக் கொட்டில்கள், வாடிகள், அப்படித்தான் நிற்கும். வாடி என்றேன். "வாடி" என்று நீங்களும் சொன்னீர்கள். அதன் இங்கிலீஷ் பேரை அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லை.

மறுநாள் இருவருமாகப் போனோம். உங்கள் கை என் தோளில். கடைக்காரன் மூன்று பெட்டி உடைத்துத் தந்தான். ஒவ்வொன்றையும் பார்த்து உங்கள் கையில் கீறினேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினீர்கள். அவன் பொறுமை இழந்து, "என்ன மாமா, ரெண்டு பேரும் என்ட கடையில கைரேகை பாக்கிறீங்களா?" என்றான்.

"ஓம் மகன். உனக்குக் கெதியாக் கலியாணம் நடக்குமாம். கீழ் ராக்கையில இருக்கிறதையும் எடு."

நீங்கள் சொன்னதும் கடை சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு, பழைய மெஷின்களில் கழற்றிப் போட்டிருந்த சாமான் பெட்டியை இழுத்து வைத்தான். அது குப்பை மாமா என்றான். அதற்குள் பெட்டியும் இல்லாமல், உறையும் இல்லாமல், ஒரு மூலை கறுத்துப்போய் ஒரு காட் கிடந்தது. தூசியைச் சாரன் தலைப்பால் துடைத்தேன். பிறை. வாடி. கம்பு. உங்கள் கையில் நான் கீறி முடிக்கவில்லை, நீங்கள் விரல்களை மூடி என் விரலைப் பிடித்துக்கொண்டீர்கள்.

செருகினீர்கள். அதுவும் பேசவில்லை.

அந்த நேரத்து உங்கள் முகத்தை நான் மறக்கமாட்டேன். நோன்புக்கு ஒன்பது நாள் இருந்தது. வாசலில் மகளின் மாப்பிள்ளை கட்டிலுக்கு அளவெடுக்க வந்து நின்றான், பிறகு வருகிறேன் என்று போய்விட்டான். நீங்கள் விசைப்பலகையைக் கிட்டே இழுத்து, சில வேளை வந்த புதிதில் இதன் வாய் பூட்டியிருக்கும் என்று மட்டக்களப்பார் சொன்னது இப்போதுதான் நினைவு வருகிறது என்றீர்கள். காது இல்லாமல், கண்ணும் இல்லாமல், விரல் ஞாபகத்தில் எதையோ தட்டினீர்கள்.

"என்ன தெரியுது? உள்ளதை உள்ளபடி சொல்லு."

"வரிசையா மரக்குத்தி நட்ட மாதிரி இரிக்கி காக்கா. கீழ சின்னச் சின்னப் பெட்டி. அதுக்குள்ள..." குனிந்து பார்த்தேன். "வாடி. ரெண்டு ரெண்டு வாடி."

தொடையில் ஓங்கி அடித்தீர்கள். "அதுதான்டா பூட்டு. வாடி நிண்டா வாய் மூடியிருக்கு." ஒரு விசையை அழுத்தினீர்கள். "இப்ப?"

"வாடியக் காணல்ல. ரெண்டு முட்டை இரிக்கி."

முட்டை எண்டால் திறந்தது என்று சொல்லிக்கொண்டே அடுத்த மரத்துக்குத் தள்ளி அங்கேயும் அழுத்தினீர்கள். அங்கேயும் வாடி போய் முட்டை வந்தது. அதற்கு அடுத்ததில் மெஷின் தொண்டையைச் செருமியது. நிறுத்தி மறுபடி ஏற்றியபோது, மூக்கடைத்த குரலில் உங்கள் பேரைச் சொல்லி, உள்ளே வரப்போவது நீங்கள்தானா என்று கேட்டது. மதினி அடுக்களையிலிருந்து ஓடி வந்தா. நீங்கள் பதில் தட்டாமல் அது உங்கள் பேரைச் சொல்வதையே மூன்று தரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அறுபத்தைந்து வயதில் நான் முதன்முதலில் வாசித்தது அந்த இரண்டு வாடிதான்.

அறையில் கட்டில் போடவில்லை. அதற்குப் பிறகு ஆறு நோன்பு அந்தக் கதிரையில் இருந்து மனு எழுதினீர்கள். மிச்ச எழுத்தும் படிப்போமா என்று ஒருதரம் கேட்டீர்கள். வேண்டாம் காக்கா, எனக்கு இந்த மூன்றும் காணும், போதும் என்றேன். காணும் என்று விட்டுவிட்டீர்கள். ஆனால் அந்த வாடியை நாம் விடவில்லை. என் மனைவி கோபித்துப் பேசாமல் இருக்கும் நாளில் என் சலாமின் தொனியிலேயே பிடித்துவிடுவீர்கள். "என்ன, ஊட்டுல வாடியா?" ஓம் காக்கா, ரெண்டு வாடி என்பேன். மதினியும் பொய்க் கோபம் காட்டுவா, இந்த ரெண்டு கிழவனுக்கும் என்ன வாடியோ என்று.

கடைசியில் உங்களுக்குப் பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்டு, மீன் பெட்டியைக் கழற்றாமலே சைக்கிளில் வந்தேன். மகளும் மதினியும் கட்டிலின் இரண்டு பக்கத்திலும் அழுதுகொண்டிருந்தார்கள். பேச்சுப் போய்விட்டது, கண்ணும் முன்னமே இல்லை, ஆள் உள்ளே இருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டொக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "வாப்பாக்கு ஒண்டும் விளங்குதில்ல சாச்சா" என்றாள் மகள்.

உங்கள் வலக்கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டு சலாம் சொன்னேன். என் உடம்பில் மீன் மணம் இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் உங்கள் சுட்டுவிரல் நடுங்கியது. நடுக்கம் என்றுதான் நினைத்தேன். மேலே ஒரு கோடு, உள்ளே ஒரு பள்ளம், ஏறி, மறுபடி இறங்கியது. நின்றது. பிறகு பக்கத்தில் அதேபோல இன்னொன்று.

வாடி. வாடி.

"புள்ள, வாப்பாக்கு எல்லாம் விளங்குது. வாய் மட்டும்தான் பூட்டியிருக்கு" என்றேன். அவள் நம்பவில்லை. அப்படியென்றால் ஒரு சைகை காட்டச் சொல்லுங்கள் என்று கேட்பது போலப் பார்த்தாள். வாப்பாவின் கையை உன் கையில் வாங்கு என்றேன். அவள் கையிலும் நீங்கள் அதையே கீறினீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டிலைச் சுற்றி அழுகை நின்று பேச்சு வந்தது. மதினி உங்கள் காதோடு என்னென்னவோ சொன்னா, அதை நான் கேட்கவில்லை. மகன் கட்டாரிலிருந்து போனில், கட்டில் போடச் சொன்னதற்கு மாப்புக் கேட்டார். உங்கள் விரல் மகளின் கையைத் தட்டிக் கொடுத்தது. இரண்டு நாள் அப்படிக் கிடைத்தது. அந்த இரண்டு நாளும் உங்கள் வீட்டார் ஒரு பிணத்தோடு இருக்கவில்லை, உங்களோடு இருந்தார்கள்.

நான் விடைபெற எழும்பும்போது உங்கள் உள்ளங்கையை விரித்து, இரண்டு முட்டை கீறினேன். வாயின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது மௌத்தானீர்கள். மையவாடியில் மூன்று பிடி மண் போட்ட அதே கையால்தான் இன்று சவுண்ட் காட்டின் பல்லைத் தேய்த்தேன். உங்கள் கதிரையில் மகள் இருக்கிறாள். வெளியே பத்திரங்களோடு மூன்று பேர் காத்திருக்கிறார்கள், ஆகையால் இதை முடிக்கச் சொல்கிறாள்.

மெஷின் இதை முழுதாக வாசித்துக் காட்டியது காக்கா. ஒரு சொல்லின் தலையும் போகவில்லை. எனக்கு இன்னும் மூன்று எழுத்துக்கு மேல் தெரியாது. ஆனால் என் உள்ளங்கையில் இரண்டு வாடி நிற்கின்றன. முட்டை இரண்டையும் நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள்.